காலி மேடையின் எடை

வண்டி எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எடை மட்டும் பதிவாகியிருந்தது. அறுபது கிலோ. நேரம், மாலை ஐந்து பத்து.

முதல் நாள் அதைப் பார்த்தபோது ஏதாவது நாய் எடைமேடையில் ஏறியிருக்கும் என்று சூர்யகலா விட்டுவிட்டாள். அறுபது கிலோவில் நாய் ஏது என்று பிறகுதான் உறைத்தது. இரண்டாம் நாளும் அதே நேரத்துக்கு அதே வரி வந்தது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வந்தது. ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்த நாலு பேர் அலுவலகத்துக்குள் அவள் நுழைவதற்கு முன்பே முதலாளி தீனதயாளன் கையில் போனோடு நின்றிருந்தார்.

"சூர்யா, பைய கீழ வைக்காதம்மா. அப்படியே திண்டிவனம் போயிடு. மல்லாட்டை குடோன்ல ஒரே பேஜாரு."

விஷயம் இதுதான். திண்டிவனத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே, சாலையோரத்தில் ஒரு சென்னைக் கம்பெனியின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, குடோன் இருக்கிறது. சரக்கோடு வரும் வண்டியை எடைமேடையில் நிறுத்தி ஒரு தடவை எடை போடுவார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை. வித்தியாசம்தான் சரக்கின் எடை. அந்த எடையைக் கம்பெனி பல லட்சம் கொடுத்து வாங்கிய பெரிய மென்பொருளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லாமல் இருந்தது. அந்த வழியைப் போட்டவள் சூர்யகலா. எடைக்கருவி தட்டினால் எழுந்து கதவைத் திறந்து, அது கொண்டுவந்த எண்ணை வாங்கி உள்ளே வைக்கும் ஒரு சின்ன நிரல். சர்வ்லெட் என்பார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது.

இப்போது நான்கு நாட்களாக, மாலை ஐந்து பத்துக்கு மேல் வரும் காலி வண்டிகள் எல்லாம் அறுபது கிலோ கூடுதலாக நிற்கின்றன. விவசாயிக்கு ஒவ்வொரு வண்டியிலும் அறுபது கிலோ மல்லாட்டை காணாமல் போகிறது. எடைக்கருவிக்காரர் வந்து நாலு மூலையும் பார்த்து, மெஷின் சுத்தம், சாஃப்ட்வேர்தான் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மென்பொருள் கம்பெனிக்கு மெயில் போட்டால், சர்வரை ஒரு தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்தீர்களா என்று பதில் வந்தது. மூன்று தடவை கேட்டதற்கும் அதே பதில்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஹெட் ஆபீசுக்கு எழுத்துல வேணுமாம். சாஃப்ட்வேரா, அந்த எடை போடற ஆளா? சாஃப்ட்வேர் இல்லன்னா அவன் மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறாங்களாம்" என்றார் தீனதயாளன்.

பேருந்து விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை. திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தார்ப்பாய்க்குள் இன்னும் ஐந்து பேரோடு ஒடுங்கி உட்கார்ந்து, நீலச் சுடிதார் நனைய, மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி குடோன் வாசலில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். வாசலில் நாலைந்து வண்டிகள் சரக்கோடு நின்றிருந்தன. ஓட்டி வந்தவர்கள் சாக்கை மடித்துக் கொங்கணியாகத் தலையில் போட்டுக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா, கம்பியூட்டரு டாக்டரா?" என்றார் அதில் ஒருவர். வல்லத்து சுப்புராயன். நேற்று அறுபது கிலோ இழந்தவர். "நோயாளி பொட்டி இல்லமா. அதோ நிக்கிறான் பாரு, அவன்தான். நல்லா ஊசி போடு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் காட்டிய திசையில் சித்தார்த்தன் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருடமாக இங்கே எடை போடுகிறவர். எடைமேடை தரையோடு தரையாகப் பதித்த நீண்ட இரும்புத் தளம். அதன் பக்கவாட்டில், தகரத்தால் அடித்த சின்ன அறை. ஒரு கதவு, மேடையைப் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல். ஆள் உட்கார வேண்டிய இடம் அந்த அறைதான். சித்தார்த்தன் வெளியே, ஜன்னலுக்குக் கீழே ஒரு கிழிந்த தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் ஸ்டூல் போட்டிருந்தார். சிவப்பு எண்கள் எரியும் எடைக்கருவியைக்கூட வெளியிலிருந்து தெரியும்படி கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மேடைக்கும் அவர் ஸ்டூலுக்கும் இரண்டடிதான் இருக்கும்.

சூர்யகலாவுக்கு எரிச்சல் வந்தது. இந்த ஊரில் எடைமேடை ஏமாற்று என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: வண்டி நிற்கும்போது ஒரு ஆள் மேடை ஓரத்தில் ஏறி நின்றுவிடுவான். அப்படிச் சந்தேகப்படும்போது இந்த மனிதர் மேடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யார் நம்புவார்கள்?

"ஏண்ணே, உள்ள உக்காந்து போடக்கூடாதா? மழைல நனைஞ்சிக்கினு, பாக்கறவங்க வாய்க்கும் அவல் குடுத்துக்கினு."

"காலைல எல்லாம் உள்ளதான் மேடம் இருப்பேன். மூணரைக்கெல்லாம் வெளிய வந்துடுவேன். அஞ்சு மணிக்கு மேல உள்ள கால் வைக்கமாட்டேன்."

"ஏன்?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். "உள்ள எடம் பத்தல மேடம்."

அறைக்குள் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் மட்டுமே இருந்தன. பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். சூர்யகலா அவரை முறைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், சாரல் அடிக்காமல் இருக்கத் தாழ்ப்பாள் போட்டாள்.

காலடியில் தகரத் தரை டொங்கென்று அமுங்கி நிமிர்ந்தது. இரும்புச் சட்டத்தின்மேல் அடித்த தகரம். எங்கே மிதித்தாலும் அந்த ஓசைதான். மல்லாட்டைத் தூசும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. கூரையில் மழை விழும் சத்தம் ஓயாமல் வறுத்துக்கொண்டே இருந்தது. அவள் மடிக்கணினியை விரித்து, போன் வழியாக சர்வரைப் பிடித்தாள். பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. கையேட்டில் நானூறு பக்கம் இருந்தும் அவளுக்கு வேண்டிய ஒரு பக்கம் எங்கும் இல்லை. நிரலை மேலிருந்து வரி வரியாக, விரல் வைத்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தே கொடுத்துப் பழகியவள். தன் தப்பு இதில் இருக்காது என்ற நம்பிக்கையோடுதான் படித்தாள்.

நாலே முக்காலுக்கு அது கண்ணில் பட்டது.

நீள லாரிகள் மேடையில் முழுதாக அடங்காது. முன்பாதியை ஒரு தடவையும் பின்பாதியை ஒரு தடவையும் நிறுத்தி இரண்டையும் கூட்டுவார்கள். அந்தக் கூட்டலுக்காக, வந்த எடையைப் பிடித்து வைக்க அவள் ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள். அதை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருந்தாள். சர்வ்லெட் ஒன்றுதான், அதைத் தட்டுகிறவர்கள் பலர்; ஒருவர் கொண்டுவந்ததைப் பொது இடத்தில் வைத்தால் அடுத்தவர் கையில் போய்ச் சேரும் என்பது பயிற்சி வகுப்பின் முதல் வாரப் பாடம். கருவியோ நொடிக்கு ஓர் எண் அனுப்புகிறது. அத்தனையும் அந்த ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி அழிந்து, கடைசியாக வந்தது மட்டும் நிற்கிறது. அந்த மிச்சம் அடுத்த வண்டியில் ஒட்டிக்கொள்கிறது.

முகம் சூடாகியது. அதே நேரம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தப்பு கிடைத்துவிட்டது. ஆளும் தப்பினார்.

தீனதயாளனைப் போனில் கூப்பிட்டாள்.

"நம்ம தப்புன்னு எதுக்கும்மா எழுதற?" என்றார் அவர். "ஆள் மேடைகிட்டயே நிக்கிறார், சந்தேகமா இருக்குன்னு ஒரு வரி போட்டுட்டு ஜல்தியா பஸ்ஸப் பிடி."

"சார், அந்த மனுசன் ஜெயிலுக்குப் போயிடுவாரு."

"காண்ட்ராக்ட் போச்சுன்னா நம்ம எங்க போறதாம்?"

"திருத்திப் போட்டுட்டுக் கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

திருத்துவது ஆறு வரி வேலை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனி இடம். எதன் மேலும் எதுவும் ஏறாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, வந்த நொடியோடு பதிவாகும். சர்வரில் ஏற்றினாள். பாதியில் நெட் போனது. மறுபடி ஏற்றினாள். பழைய நிரலை விடமாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்தது. நிறுத்தினாள். போட்டாள். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, கூரையில் மழையும், தலைக்குள் ஆறு மணியும் சேர்ந்து இடித்தன. ஐந்து மணி எட்டு நிமிடத்துக்குப் புதிய நிரல் எழுந்து உட்கார்ந்தது. பதிவு ஓடத் தொடங்கியது. நொடிக்கு ஒரு வரி. பூச்சியம். பூச்சியம். பூச்சியம். மேடை காலி.

ஜன்னலுக்கு வெளியே சித்தார்த்தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாக நகர்வது தெரிந்தது.

"அண்ணே, எங்க போறீங்க? சரி பண்ணிட்டேன். இங்கயே நின்னு பாருங்க."

அவர் கேட்டும் கேட்காததுபோல நடந்தார். பத்தடி தள்ளி, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று, திரும்பினார்.

ஐந்து பத்து.

அறுபது.

சூர்யகலா பல்லைக் கடித்தாள். கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்தாள். ஈர இரும்பு. மழைத்துளிகள் அதில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தன. ஆள் இல்லை. வண்டி இல்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குடோன் சுவரில் ஒரு விளக்கு அப்போதுதான் எரிந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

நூற்றைந்து.

ஒயரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். கருவிக்காரரைத் திட்டினாள். அவர் நம்பரைப் போனில் தேடினாள்.

நூற்று எழுபத்தைந்து. நூற்றுத் தொண்ணூற்றைந்து.

தேடிய விரல் நின்றது. மெஷின் கோளாறு என்றால் எண்கள் ஒரே அளவில் தாவும், அல்லது பைத்தியம் பிடித்ததுபோல ஓடும். இது அப்படி இல்லை. முதலில் அறுபது. அப்புறம் நாற்பத்தைந்து. அப்புறம் எழுபது. அப்புறம் இருபது. இருபது கிலோ என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை.

இருநூற்று நாற்பத்தைந்து. முன்னூற்றுப் பத்து. முன்னூற்றுத் தொண்ணூறு.

ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். பேருந்தில் ஏறுவது போல, ஒருவர் ஏறி உள்ளே நகர்ந்ததும் அடுத்தவர். நான்கு நாட்களும் இப்படித்தான் ஏறியிருக்கிறார்கள். அவளுடைய தப்பு அவர்கள் எல்லோரையும் ஒருவர்மேல் ஒருவராக அழித்து, கடைசி எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது தப்பைத் திருத்திவிட்டாள். ஒவ்வொருவருக்கும் தனி வரி.

நானூற்று முப்பது. ஐந்நூற்று ஐந்து.

நின்றது. ஒன்பது பேர்.

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. திரையில் வரிகள் ஓடின. ஐந்நூற்று ஐந்து. ஐந்நூற்று ஐந்து. ஐந்நூற்று ஐந்து. மேடையின் நடுவில் ஒரு கொட்டாங்கச்சி அளவு இடத்தில் துளிகள் தெறிக்காமல் இருப்பதை அவள் கண்டாள். பக்கத்தில் இன்னொன்று. அந்த இடங்களில் மழை இரும்பைத் தொடவில்லை.

நானூற்று அறுபது.

ஒருவர் இறங்கிவிட்டார். எந்தப் பக்கம்?

கதவருகே தகரத் தரை டொங்கென்று அமுங்கியது.

அவள் நாற்காலியில் இருந்தபடியே கால்களைத் தூக்கிக்கொண்டாள். கதவு சாத்தியே இருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

முன்னூற்றுத் தொண்ணூறு. டொங். கதவுக்கு இந்தப் பக்கம்.

முன்னூற்று எழுபது. இந்தத் தடவை ஓசை மெல்லியது. தகரம் லேசாகத்தான் வளைந்தது. அது மேசைக்கு அருகில் வந்து நின்றது.

முன்னூற்று இருபது. இருநூற்று ஐம்பத்தைந்து. நூற்று எழுபத்தைந்து. தரை அமுங்கியது, நிமிரவில்லை. அறைக்குள் வாடை மாறியது. மல்லாட்டைத் தூசு போய், மழைநாள் பேருந்தின் வாடை வந்தது. நனைந்த துணி, தேங்காய் எண்ணெய், மூச்சு. புழுக்கம். ஜன்னல் கண்ணாடி உட்பக்கமாக வெளிறிக்கொண்டு வந்தது. அவள் முழங்கையை யாரோ நெருக்குவது போல இருந்தது. இழுத்துக்கொண்டாள். மறுபக்கமும் நெருக்கியது.

நூற்று முப்பத்தைந்து.

அறுபது.

அறுபதில் நின்றுவிட்டது. எப்போதும் மிச்சமாகும் அறுபது. மேடையில் ஒருவர் மட்டும் இறங்காமல் நிற்கிறார். எட்டுப் பேர் உள்ளே.

அவளால் கத்த முடியவில்லை. கத்துவதற்கு இழுத்த மூச்சு வேறு யாரோ விட்ட மூச்சாக இருந்தது.

திரையில் புதிய வரி.

பூச்சியம்.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள் என்று தெரியவில்லை. கதவு பிளந்தது. மழை முகத்தில் அறைந்தது. எதிரே மேடை. அதைத் தாண்டினால் சித்தார்த்தன். அதற்கப்பால் வாசல், வண்டிகள், மனிதர்கள். வேறு வழி இல்லை. இரும்பில் கால் வைத்தாள்.

"மேடம்! நிக்காதீங்க! ஓடியாங்க!"

வெளிறிய கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள். ஐம்பத்தைந்து. அது அவள். அவள் மட்டும்.

செருப்பு வழுக்கியது. ஊன்றி எழுந்தாள்.

நூற்றுப் பதினைந்து.

பின்னால் வருகிறார்கள். திரும்பவில்லை. நூற்று அறுபது. இருநூற்று முப்பது. இரும்பு காலடியில் அதிரவில்லை. ஓசை இல்லை. எண்கள் மட்டும். இருநூற்று ஐம்பது. முன்னூறு. மேடை எத்தனை அடி? நேற்றுவரை தெரியும். இப்போது முடியவே இல்லை. முன்னூற்று அறுபத்தைந்து. நானூற்று நாற்பத்தைந்து. துப்பட்டா எங்கோ மாட்டி இழுத்தது. விட்டது. நானூற்று எண்பத்தைந்து. ஐந்நூற்று அறுபது.

சேறு.

இரண்டு கால்களும் சேற்றில் புதைந்தன. இறங்கிவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சித்தார்த்தன் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். சத்தம் கேட்டு சுப்புராயனும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். மேடைமேல் யாரும் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். இனி இந்த மனிதரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவள் நிமிர்ந்து எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து குறைய வேண்டும்.

ஐந்நூற்று அறுபது.

கருவிக்கு ஒரு நொடி ஆகும். காத்திருந்தாள்.

ஐந்நூற்று அறுபது.

"எறங்கி வாங்க மேடம்" என்றார் சித்தார்த்தன். அவர் குரல் உடைந்திருந்தது. இரண்டு கைகளையும் மேடையை நோக்கி நீட்டியிருந்தார். "அங்கயே நிக்காதீங்க. எறங்கி வாங்க."

"அண்ணே, வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

அவர் திரும்பவில்லை. அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஈரத் துணி அசையவில்லை.

சுப்புராயன் தலைமேல் போட்டிருந்த சாக்கைக் கையில் எடுத்தார். மழை அவர் முகத்தில் வழிந்தது.

"அந்தப் பொண்ணச் சுத்தி இம்மாம் பேரு யாருய்யா?" என்றார்.

எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூர்யகலாவும் பார்த்தாள்.

மேடை நடுவில் நனைந்த கூட்டம். அதற்குள், நீலச் சுடிதாரில், இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒருத்தி நின்றிருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவள் துப்பட்டாவின் நுனியை ஒரு சின்னக் கை, சுற்றிச் சுற்றி, விரலில் முடிந்துகொண்டிருந்தது.